ஒரு தோப்புக் கருப்பட்டி

கருப்பட்டி காய்ச்சக் கற்றுக்கொள்ள வருகிறவர்களின் கண் முதலில் சட்டி மேல்தான் போகும். எத்தனை லிட்டர் பிடிக்கும், எவ்வளவு நேரம் எரிக்க வேண்டும், எப்போது இறக்க வேண்டும் என்று நோட்டும் பேனாவுமாக நிற்பார்கள். நான் அவர்களை உடனே காய்ச்சுகிற குடிசையான விடிலிக்குள் கூப்பிடுவதில்லை. முதலில் கலயம் கழுவக் கொடுப்பேன். நேற்றைய பதனியின் புளிப்பு ஒரு பொட்டு வாயோரத்தில் ஒட்டியிருந்தாலும் இன்றைய பதனி கெட்டுவிடும். பனந்தும்பால் தேய்த்து, வெந்நீர் ஊற்றி அலசி, வெயிலில் காயவைத்த பிறகு கலயத்துக்குள் மூக்கை விட்டு முகர்ந்து பார்க்க வேண்டும். மண் வாசம் மட்டும் வர வேண்டும். வேறு எந்த வாசம் வந்தாலும் அந்தக் கலயம் மறுபடி வெயிலுக்குப் போகும். சட்டியில் எவ்வளவு கெட்டிக்காரத்தனம் காட்டினாலும் கலயத்தில் கெட்டதை மீட்க முடியாது. கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு இதைச் சொன்னால் போதாது, கையால் செய்து பார்த்தால்தான் பதியும்.

எங்கள் தோப்பு சாயல்குடிக்கும் நரிப்பையூருக்கும் நடுவில், கடல் காற்று எட்டுகிற தூரத்தில் இருக்கிறது. வீட்டுக்காரரின் பாட்டனார் வேலிக்காக விதைத்த கொட்டைகள்தான் இன்றைக்கு நாங்கள் பால் எடுக்கும் மரங்கள். நட்டவர் அவற்றில் ஏறவில்லை. பனை பாளை விட ஏறக்குறைய பதினைந்து வருஷம் ஆகும், அதற்கு மேலும் ஆகும். ராமநாதபுரம் மாவட்டத்தில் விழுகிற மழையில் பெரும்பங்கு ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கொட்டித் தீர்ந்துவிடும். மற்ற மாதங்களில் கிணறு உப்புக் கரிக்கும், கண்மாயில் சீமைக்கருவேல் நிற்கும். அந்த வறட்சியிலும் பங்குனி வெயிலில் மரத்தின் உச்சியில் கலயம் நிறையத் தித்திப்பு சுரக்கிறது. எத்தனை வருஷம் பார்த்தாலும் எனக்கு இது பெரிய காரியமாகவே தோன்றுகிறது.

எங்கள் தோப்புப் பதனியை மட்டும்தான் நாங்கள் காய்ச்சுகிறோம். மற்றவர்கள் பதனியை வாங்கிச் சேர்த்துக் காய்ச்சினால் சட்டி நிறையும், வருமானமும் கூடும். அது தப்பு என்று நான் சொல்லவில்லை, பலரும் நேர்மையாகத்தான் செய்கிறார்கள். ஆனால் பல தோப்புப் பதனி ஒரே சட்டியில் விழுந்தால் எந்த மரத்தின் பால் கெட்டது, எந்தக் கலயத்தில் சுண்ணாம்பு மிஞ்சியது என்று கண்டுபிடிக்க வழியில்லாமல் போகும். ஒரே தோப்பாக இருந்தால் ஒவ்வொரு வரிசையும் எனக்குத் தெரியும். கிழக்கு வரிசை ஓடைக்கரை ஓரம். அங்கே மண் கரிக்கும், பதனியின் கடைசிச் சொட்டில் நாக்கின் ஓரத்தில் லேசாக உப்புத் தட்டும். மேற்கே செம்மணல், அந்தப் பால் நேரான இனிப்பு. இரண்டையும் சேர்த்துக் காய்ச்சுகிற நாளில் வருகிற கருப்பட்டிதான் எங்கள் தோப்பின் ருசி. மேற்கு வரிசையை மட்டும் காய்ச்சிப் பார்த்தால் இனிப்பு கூடும், ஆனால் ருசி சீக்கிரம் அடங்கிவிடும். அந்த உப்பு வேண்டியிருக்கிறது.

பிரான்ஸில் பர்கண்டி என்கிற சீமையில் திராட்சை ரசத்துக்கும் இதே வழக்கம் இருப்பதாக என் மகன் படித்துச் சொன்னான். ரொமானே கொந்தி என்று ஒரு தோட்டம், ஏறக்குறைய நாலரை ஏக்கர்தானாம். அந்தப் பழத்தில் வேறு தோட்டத்துப் பழத்தைச் சேர்க்காமல், தோட்டத்தின் பெயரிலேயே சிவப்பு ஒயின் இறக்குகிறார்கள். உலகத்திலேயே விலை கூடிய ஒயின்களில் அது ஒன்றாம். விலையைக் கேட்டு எனக்கு ஆச்சரியம் வரவில்லை. வேலிக்கு அந்தப் பக்கத்துப் பழம் வேறு, இந்தப் பக்கத்துப் பழம் வேறு என்று நினைத்துப் பல தலைமுறையாகப் பிரித்தே வைத்திருக்கிறார்களே, அந்தப் புத்தியைத்தான் மெச்சினேன்.

மரத்து வேலை வீட்டுக்காரருடையது. தை, மாசியில் ஆண்பனையான அலகுப்பனை பாளை விடும், பெண்பனையான பருவப்பனை அதற்குப் பின்னால் வரும். பாளையைக் கடிப்பு என்கிற மர இடுக்கியால் இடுக்கி, மேல்தோல் கிழியாமல் உள்ளே மட்டும் நெரிந்து கொடுக்கும்படி நாள்தோறும் நசுக்கிக்கொண்டே வர வேண்டும். அழுத்தம் கூடினால் பாளை கறுத்துச் செத்துவிடும், குறைந்தால் பால் இறங்காது. நுனியைக் காலையிலும் மாலையிலும் பாளை அரிவாளால் தாள் கனத்துக்குச் சீவுவார். கனமாகச் சீவுகிறவர் ஒரு பாளையை அரை மாதத்தில் தீர்த்துவிடுவார். மெல்லச் சீவத் தெரிந்தவருக்கு அதே பாளை மாதக்கணக்கில் பால் தரும். அரிவாளைத் தீட்ட அவர் உட்காருகிற நேரம், மரம் ஏறுகிற நேரத்துக்குச் சற்றும் குறைந்ததில்லை. ஏறக் கற்றுக்கொள்ள வருகிற பையன்களை அந்தத் தீட்டுப்பலகை முன்னால்தான் முதலில் உட்கார வைக்கிறார்.

இனிச் சுண்ணாம்பு. கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவித்தான் மரத்தில் கட்ட வேண்டும். தடவாவிட்டால் காற்றில் இருக்கிற நுண்ணுயிர் சில மணி நேரத்துக்குள் பாலைக் கள்ளாக்கிவிடும். 1987 தொடக்கத்தில் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை வந்ததிலிருந்து கலயத்தில் சுண்ணாம்பு இருக்கிறதா என்று போலீஸ்காரரும் எட்டிப் பார்க்கிறார். காய்ச்சுகிறவளுக்கு அதைவிடப் பெரிய கணக்கு உண்டு. பால் புளித்தால் அதிலுள்ள சர்க்கரை உடைந்துபோகும். உடைந்த சர்க்கரை உறையாது, எவ்வளவு எரித்தாலும் பிசுபிசுவென்று பாகாகவே நிற்கும். சுண்ணாம்பு கூடினாலோ கருப்பட்டி கன்னங்கரேலென்று வரும், நாக்கை அரிக்கும், அடித்தொண்டையில் கசக்கும்.

கடைச் சுண்ணாம்பு எங்களுக்கு ஒத்துவருவதில்லை. கடற்கரையில் பொறுக்கிய சிப்பியைச் சுட்டு, தண்ணீர் தெளித்துப் பூக்கவைத்து, துணியில் சலித்து வைத்துக்கொள்வோம். கச்சான் காற்று வீசுகிற உலர்ந்த நாளுக்கு ஒரு பூச்சு போதும். மேகம் மூடி, புழுக்கமாக இருக்கிற நாளுக்குக் கொஞ்சம் கூடுதல். அளவு கேட்கிறவர்களுக்கு என்னால் கிராமில் சொல்ல முடியவில்லை. அதற்குப் பதிலாக ஒரு வழி சொல்வேன். வெள்ளைக் கிண்ணத்தில் பதனியை எடுத்து, சிட்டிகை மஞ்சள்தூளைப் போடுங்கள். சுண்ணாம்புக்கு மஞ்சள் சிவக்கும். நல்ல கருப்பட்டி விழுந்த நாளின் சிவப்பு எது, கறுத்த நாளின் சிவப்பு எது என்று ஒரு பருவம் பார்த்து வந்தால் கண்ணுக்கே அளவு தெரிந்துவிடும். இஞ்சினியரிங் படித்த ஒரு தம்பி கற்றுக்கொள்ள வந்திருந்தார். புளித்துவிடுமோ என்ற பயத்தில் கலயத்துக்கு இரண்டு மடங்கு தடவினார். அந்தச் சட்டி தாரைப் போல இறங்கியது. அதை அவர் தூக்கி எறியப் போனபோது வேண்டாம் என்று தடுத்து, உடைத்து வாயில் போட்டு ருசியை மனசில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் கை தாராளம் காட்டவில்லை.

காய்ச்சுவதை எனக்குக் கற்றுத் தந்தவர் என் மாமியார். அத்தை என்றுதான் கூப்பிடுவேன். பள்ளிக்கூடம் போகாதவர். அவர் கை விரல்கள் அடுப்புச் சூட்டில் காய்த்துப்போய், பாகைத் தொட்டால் சுடாது. விடிலிக்குள் அவர் பேச்சு மிகக் குறைவு. நான் துடுப்பு போடும்போது வேகம் கூடினால் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்துவார், குறைந்தால் முழங்கையைத் தட்டுவார். வார்த்தையால் சொல்லித்தந்த பாடம் ஒன்றே ஒன்று: “பதம் கண்ணுக்குக் கடைசியாத்தான் தெரியும் தாயி, காதுக்கு முந்தியே தெரிஞ்சிரும்.”

அது அப்படியேதான். தெளியவைத்து வடிகட்டிய பதனியை அடுப்பில் ஏற்றியதும் முதலில் வெள்ளை நுரை திரண்டு வரும். அதை ஓயாமல் வழித்துக்கொண்டே இருக்க வேண்டும், சுண்ணாம்பின் மிச்சமும் ஓலைத் தூசும் அதோடு வந்துவிடும். பொங்கி வழியப் பார்த்தால் நசுக்கிய ஆமணக்கு முத்து இரண்டைப் போட்டால் பொங்கல் தணியும். அதுவரை தண்ணீர் கொதிக்கிற சலசலப்புத்தான் கேட்கும். நிறம் வைக்கோல் மஞ்சளாகி, பிறகு பழுப்பேறும்போது சத்தம் தடிக்கத் தொடங்கும். கொப்புளம் பெரிதாகி, மெதுவாக எழுந்து, ‘தொப்’ என்று உடையும். இந்த இடத்தில் இறக்கினால் கூப்பனி. தோசைக்குத் தொட்டுக்கொள்ளலாம், கட்டியாகாது. இன்னும் கொஞ்சம் விட்டால் சத்தம் சட்டென்று அடங்கும். கொப்புளங்கள் சத்தமில்லாமல் உடைந்து, சட்டியின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சுருங்கும். அத்தை காத்திருப்பது அதற்காகத்தான். ஒரு சொட்டைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டு விரலால் திரட்டுவார். உருண்டு வந்ததைச் சிரட்டை மேல் போட்டால் ‘டொக்’ என்று கேட்க வேண்டும். கேட்டதும் அடுப்பிலிருந்து விறகை இழுத்துவிடுவார்.

முன்னே சொன்ன தம்பி வெப்பமானி கொண்டு வந்திருந்தார். 115 டிகிரியைத் தாண்டியதும் பதம் நெருங்குகிறது என்று எழுதி வைத்துக்கொண்டார். எழுதியது சரிதான், எனக்கும் அது உபயோகப்பட்டது. ஆனால் ஈரக்காற்று அடிக்கிற நாளில் அதே சூட்டில் இறக்கினால் கருப்பட்டி நாலு நாளில் வியர்க்கும், இன்னும் சற்று ஏற்றித்தான் இறக்க வேண்டும். அந்தச் சற்று எவ்வளவு என்பதை அன்றைய காற்றைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

தீயும் ஒரு படிப்பு. தொடக்கத்தில் பன்னாடையும் காய்ந்த ஓலையும் போட்டு எரியவிடலாம். நடுவில் கருவேல விறகு. கடைசிப் பதத்துக்குப் பனமட்டைதான் வேண்டும், இழுத்தால் உடனே தணிகிற தீ அது. கருவேலத் தணலை அந்த நேரம் அடியில் வைத்திருந்தால் விறகை இழுத்த பிறகும் சட்டி கொதித்து அடிப்பிடிக்கும். 8 முதல் 10 லிட்டர் பதனி வற்றி ஒரு கிலோ கருப்பட்டி தேறும். அடிப்பிடித்த வாசம் அந்தக் கிலோ முழுக்க ஏறும், ஓரத்தை மட்டும் வெட்டிப் போட்டுத் தப்பிக்க முடியாது.

இறக்கிய பிறகு அவசரப்படுகிறவர்கள் அதிகம். துடுப்பால் அடித்து, பாகு மினுமினுப்பு இழந்து மங்கி, குருணை கட்டத் தொடங்கும்போதுதான் ஊற்ற வேண்டும். முந்தியே ஊற்றினால் உள்ளே கண்ணாடியாக இறுகும், பிந்தினால் சட்டியிலேயே கட்டியாகிவிடும். சிரட்டைகளைத் தண்ணீரில் ஊறப்போட்டு, சாயாமல் மணலில் பதித்து வரிசையாக வைத்திருப்போம். ஊறாத சிரட்டை கருப்பட்டியை விடாது.

கருப்பட்டி நாள்படத்தான் ருசிக்கும் என்று அத்தை சொல்வார். நான் நம்பாமல்தான் இருந்தேன், பிறகு நாவால் அறிந்துகொண்டேன். ஓலைக் கொட்டானில் கட்டி, அடுப்புக்கு மேலே பரணில் புகைபடும்படி வைத்தால் மழைக்காலத்து ஈரம் அதை அண்டாது. கார்த்திகை, மார்கழி கடந்த கருப்பட்டியில் புதுக் காரம் அடங்கி, புகையும் வறுத்த வாசமும் சேர்ந்த ஓர் ஆழம் வரும். பிள்ளை பெற்றவளுக்கு மருந்து கிண்டுகிற வீடுகளில் பழங்கருப்பட்டியைத்தான் கேட்டு வாங்குவார்கள். விற்றுக் காசாக்க வேண்டிய நேரத்தில் நாலு கொட்டானைப் பரணில் நிறுத்தி வைப்பது எங்களைப் போன்றவர்களுக்குச் சுலபமில்லை. ஆனாலும் ஒவ்வொரு பருவத்திலும் நிறுத்தி வைக்கிறோம்.

ஒரு வியாபாரி வந்து, சீனி சேர்த்துக் காய்ச்சினால் ஒன்றுக்கு இரண்டாகத் தேறும், நானே மூட்டை இறக்கித் தருகிறேன் என்றார். எங்கள் சரக்கு பார்வைக்கு ஒன்றுபோல் இல்லை என்பது அவருடைய குறை. ஒன்றுபோல் இருக்காதுதான். பங்குனிச் சட்டி வெளுப்பாக இருக்கும், ஆனிச் சட்டி கறுப்பேறும், மழைத் தூறல் விழுந்த வாரம் மெத்தென்று இருக்கும். வாங்க வருகிறவர்களிடம் ஒன்றை உடைத்துக் காட்டுவேன். உடைந்த முகம் மங்கலாக, குருணையாக இருக்கும், பளபளக்காது. நாக்கில் வைத்தால் இனிப்பு மெல்ல ஏறி, கடைசியில் அந்த உப்பு தட்டும். தெரிந்தவர்கள் அதற்காகவே மறுபடி வருகிறார்கள்.

உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எங்கள் பக்கத்திலும் சந்தோஷப்பட்டோம், தொழில் ஒன்றுதானே. பனை மாநில மரம், கலெக்டர் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது என்றும் அரசாங்கம் சொல்லியிருக்கிறது. மரம் நின்றால் போதாது, ஏறுகிற கால் வேண்டும், காய்ச்சுகிற கை வேண்டும். எங்கள் வரிசையில் பாளை விட்டும் ஏற ஆளில்லாமல் நிற்கிற மரங்கள் வருஷத்துக்கு வருஷம் கூடுகின்றன. அதனால்தான் கேட்டு வருகிற யாரையும் நான் திருப்பி அனுப்புவதில்லை.

வருகிறவர்கள் மாசிக் கடைசியில் வாருங்கள். சித்திரையில் வந்தால் சட்டி மட்டும்தான் பார்க்கக் கிடைக்கும், கடிப்பு போடுவதைப் பார்க்க முடியாது. நைலான் துணி உடுத்தி வராதீர்கள், தீப்பொறி படும். அதிகாலையில் பதனி இறங்குவதற்குள் கலயங்கள் கழுவிக் காய்ந்திருக்க வேண்டும், ஆகையால் முந்தின நாள் மதியமே வந்துவிடுவது நல்லது. சாப்பாடும் படுக்கையும் வீட்டில் உண்டு. முழுப் பருவமும் தங்க முடியாதவர்கள் பங்குனியில் பத்து நாளும், மேகம் கூடுகிற ஆடியில் பத்து நாளுமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரே தோப்பின் பால் அந்த இரண்டு மாதங்களில் எப்படி வேறுபடுகிறது என்று சட்டி முன்னால் உட்கார்ந்து பார்த்தால், மீதியை உங்கள் ஊர்ப் பனைகளிலேயே படித்துக்கொள்ளலாம்.