பிவானியில் ஒரு காலை

தில்லிக்கு மேற்கே சுமார் 120 கிலோமீட்டர் தொலைவில், ஹரியானா மாநிலத்தில், பிவானி என்னும் ஊர் இருக்கிறது. கோயில்கள் மிகுந்திருப்பதால் அதனைச் 'சின்னக் காசி' என்றும் அழைப்பர். ஆயினும், சென்ற தை மாதத்தில் நானும் என் மகளும் ரோத்தக் வழியாக ரயிலேறி அங்கே போனது சுவாமி தரிசனத்துக்காக அன்று; குத்துச்சண்டைப் பயிற்சியைப் பார்ப்பதற்காக.

பதினான்கு வயதான என் மகள், குத்துச்சண்டை வகுப்பில் சேரவேண்டுமென்று இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஒரு குத்துத் தாங்குகிற உடம்பா இது? பலசாலிகளின் விளையாட்டு அல்லவா அது?" என்று என் மனைவி மறுத்துவந்தாள். எனக்கும் அதே அச்சந்தான். இருந்தாலும் ராயபுரத்தில் என் தகப்பனாரும் அவர் நண்பர்களும் சார்பட்டா பரம்பரை என்றும் இடியப்ப நாயக்கர் பரம்பரை என்றும் கட்சி பிரிந்து வாதாடியது எனக்கு நினைவிருக்கிறது. குத்தின் பலம் பெரிதா, கால் வித்தை பெரிதா என்பதிலேயே அவர்கள் வாதம் வந்து நிற்கும். அதற்கு விடை தெரிந்தால் மகளுக்கும் விடை சொல்லிவிடலாம் என்று எண்ணினேன்.

பிவானி இந்த விளையாட்டில் பெயர் பெற்றதற்கு முதற்காரணர் காப்டன் ஹவா சிங். இராணுவ வீரரான அவர் 1966-லும் 1970-லும் பாங்காக்கில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் அதிக எடைப் பிரிவில் தங்கம் வென்றார். தேசியப் பட்டத்தை 11 முறை பெற்றார். ஓய்வு பெற்றபின் பிவானி இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்து, 2000-ஆம் ஆண்டில் காலமானார். அவர் போட்ட பாதையில் வந்த விஜேந்தர் சிங், 2008-ல் பெய்ஜிங்கில் வெண்கலம் வென்றார். ஒலிம்பிக் குத்துச்சண்டையில் இந்தியாவுக்குக் கிடைத்த முதற்பதக்கம் அதுவே.

நாங்கள் சென்ற பயிற்சிக் கூடத்தில் இரண்டு இளைஞர்கள் மேடையேறினார்கள். ஒருவன் அகன்ற தோளினன். தலையைத் தாழ்த்தி, சிற்றடி வைத்து, எதிரியை மூலைக்கு ஒதுக்குவதே அவன் நோக்கம். மற்றவன் மெலிந்தவன். நீட்டிய இடக்கையால் தொட்டுத் தொட்டு எதிரியைத் தொலைவிலேயே நிறுத்தினான். அவன் பாயும்போது பக்கவாட்டில் ஓரடி விலகினான். பலசாலியின் குத்துக்கள் பெரும்பாலும் காற்றிலேயே போயின. என் மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஆனால் மூன்றாம் சுற்றில் மெலிந்தவனின் கால்கள் தளர்ந்தன. கயிற்றோரம் அகப்பட்டுக்கொண்டான். விலாவில் விழுந்த ஒரே குத்தில் அவன் மூச்சு நின்று வந்தது. இப்போது அவள் சிரிக்கவில்லை.

"எது உயர்ந்தது, குருஜி?" என்று பயிற்சியாளரைக் கேட்டேன். முதியவரான அவர் பெய்ஜிங் கதையைச் சொன்னார். அக்காலத்தில் நடுவர் ஐவரில் மூவர் ஒரே விநாடிக்குள் பொத்தானை அழுத்தினால் ஒரு புள்ளி. எதிரியைக் கீழே வீழ்த்தினாலும் கூடுதல் புள்ளி கிடையாது. ஆகவே வித்தைக்காரர்களுக்கு அது பொற்காலம். பிவானியில் பயின்ற அகில் குமார் கைகளைத் தாழ விட்டு, எதிரியை ஆசைகாட்டி அழைத்து, அவன் வந்ததும் திருப்பிக் குத்துவார். அப்படித்தான் உலகச் சாம்பியனான ரஷ்ய வீரரோடு 9-9 என்று சமன் செய்து, மறு எண்ணிக்கையில் வென்றார். அடுத்த சுற்றிலோ 3-10 என்று தோற்றார். யானைக்கும் அடி சறுக்கும், வித்தைக்கும் சறுக்கும். 2013-க்குப் பின் பொத்தான் முறை போய், சுற்றுக்குப் பத்துப் புள்ளி முறை வந்தது. சுற்று முழுவதிலும் யார் கை ஓங்கியது என்பதையும் நடுவர்கள் பார்க்கிறார்கள்.

பிறகு அவர் என் மகளை அழைத்து, தொங்கிய மூட்டையை முழுப் பலத்தோடு குத்தச் சொன்னார். அவள் பல்லைக் கடித்துக் குத்தினாள். மூட்டை அசையவேயில்லை. அவளுடைய பின்காலைச் சற்றே திருப்பி வைத்து, குதிகாலை உயர்த்தி, "தரையைத் தள்ளு, இடுப்பைத் திருப்பு, கை தானாக வரும்" என்றார். மறுமுறை 'தொம்' என்று ஓசை எழுந்தது. அவளே திகைத்துப்போனாள்.

"பார்த்தீர்களா? பலம் என்பதும் ஒரு வித்தைதான். பலமில்லாத வித்தையையோ எதிரி மதிக்கமாட்டான், மிதித்துக்கொண்டு வருவான்" என்றார் அவர்.

என் மனத்திலிருந்த உண்மையான கேள்வியை அப்போதுதான் கேட்டேன்: "தலையில் அடிபட்டால்?"

அவர் மழுப்பவில்லை. "தலைக்கவசம் வெட்டுக்காயத்தைத் தடுக்கும். மூளை அதிர்வதைத் தடுக்கும் என்று நம்பவேண்டாம். விலகத் தெரிந்த காலே கவசம். கால் பழகாத பிள்ளையை மேடையேற்றும் ஆசிரியரிடம் உங்கள் பெண்ணை விடாதீர்கள்" என்றார்.

கூடத்துச் சுவரில், 2023-ல் தில்லியில் 48 கிலோ பிரிவில் உலகப் பட்டம் வென்ற நீத்து கங்காஸின் படமும், 2025-ல் லிவர்பூலில் 57 கிலோ பிரிவில் வென்ற ஜாஸ்மின் லம்போரியாவின் படமும் மாட்டியிருந்தன. இருவரும் பிவானி மாவட்டத்துப் பெண்கள். என் மகள் அவற்றின் முன் நெடுநேரம் நின்றாள்.

திரும்பும் வழியில் இருபுறமும் கடுகுப் பூ மஞ்சளாய் விரிந்திருந்தது. "அம்மாவிடம் என்னப்பா சொல்வீர்கள்?" என்று கேட்டாள்.

"ஆறு மாதம் காலுக்கு மட்டும் பாடம், பிறகு மேடையைப் பற்றிப் பேசலாம் என்று சொல்வேன்" என்றேன்.

அவள் முகம் சற்று வாடிற்று, எனினும் தலையசைத்தாள். நம் சங்கத்துக் குடும்பங்களில் இதே கேள்வியோடு இருக்கும் பெற்றோருக்கும் எனக்குத் தெரிந்த விடை இதுவே: பிள்ளையின் தோளைப் பார்த்துத் தயங்கவேண்டாம், கற்றுக்கொடுப்பவர் முதலில் காலைப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள்.