ஸ்கிம்மர் கோப்பையைக் கழுவுகிறவள்

பவளத்துக்கு ஏதாவது ஆகிவிட்டால் எல்லோரும் முதலில் தண்ணீரைத்தான் சந்தேகப்படுவார்கள். நியாயமான சந்தேகம்தான். வீட்டுத் தொட்டியில் கல்பவளம் உயிரோடிருக்க உப்புநீரின் ஒப்படர்த்தி 1.025-ஐ ஒட்டி நிற்க வேண்டும். வெப்பம் 25, 26 டிகிரி. காரத்தன்மை 8, 9 டி.கே.எச்.; கால்சியம் லிட்டருக்கு 420 மில்லிகிராம் அளவில். இந்த எண்கள் கொஞ்சம் கூடக் குறைய இருந்தால் பவளம் பொறுத்துக்கொள்ளும். ஒரே நாளில் தாவினால் பொறுக்காது. அதனால் இன்றைய அளவை மட்டும் கையில் வைத்துக்கொண்டு எதுவும் சொல்லிவிட முடியாது. நேற்று எவ்வளவு, போன வாரம் எவ்வளவு என்று தெரிய வேண்டும். அதற்கு யாராவது தினமும் அளந்து எழுதி வைத்திருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் எழுதி வைப்பது நான். சிங்கப்பூர் அடுக்குமாடி வீட்டின் கூடத்தில் இருக்கும் 200 லிட்டர் தொட்டி அது. (இந்தியாவில் இருந்து படிக்கிறவர்கள் ஆசைப்பட வேண்டாம். அங்கே கல்பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு உள்ள பாதுகாப்பு அவற்றுக்கும் உண்டு.) தொட்டி என் இணையரின் ஆசை. விளக்கு, பம்ப் எல்லாம் தேடித் தேடி வாங்கியவர் அவர். வருகிறவர்களுக்கு விளக்கிச் சொல்கிறவரும் அவர். “அவரோட டேங்க்” என்று நானும் சொல்லிப் பழகியிருந்தேன்.

தொட்டியைக் குளிர்விக்க மேலே மின்விசிறி ஓடுவதால் நாளுக்கு மூன்று லிட்டர் ஆவியாகிறது. தண்ணீர் போகும், உப்பு போகாது. அதனால் தினமும் உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீர் ஊற்ற வேண்டும். வாரம் ஒருமுறை 20 லிட்டர் உப்புநீர் கலக்கி மாற்ற வேண்டும். கண்ணாடியில் படியும் பாசியைச் சுரண்ட வேண்டும். பிறகு ஸ்கிம்மர். தண்ணீருக்குள் பொடிப்பொடியாகக் காற்றுக்குமிழிகளைச் செலுத்தி அழுக்கை நுரையாகப் பிரிக்கும் கருவி அது. அந்த நுரை வந்து சேரும் கோப்பையைக் கழுவ வேண்டும். அழுகிய கருவாட்டுத் தண்ணீரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இந்த வேலைகள் எப்படி என்னிடம் வந்து சேர்ந்தன என்று எந்தப் பெண்ணுக்கும் நான் விளக்கத் தேவையில்லை.

ஹாம்மர் பவளம் ஒன்று இருக்கிறது. அதன் உணர்கொம்புகளின் நுனி சுத்தியல்போல வளைந்திருக்கும். போன வருடம் அதன் மூன்று தலைகளில் ஒன்று சுருங்க ஆரம்பித்தது. ஒரு பக்கம் சதை பின்வாங்கி, எலும்புக்கூட்டின் வெள்ளை விளிம்பு தெரிந்தது. “லைட்ட மாத்தினா சரியாயிடும்” என்றார் இணையர். விலைகூடப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

நான் நோட்டைப் புரட்டினேன். ஆறு வாரமாகக் காரத்தன்மை 8.1-க்கும் 8.6-க்கும் இடையில்தான் இருந்தது. வெப்பம் 27-ஐத் தாண்டவில்லை. தண்ணீர் கெட்டிருந்தால் தொட்டி முழுக்கக் காட்டிக்கொடுக்கும். மற்ற பவளங்களோ நன்றாக விரிந்து நின்றன. வெளிறல் நோயாக இருந்தால் சதை அப்படியே இருக்கும். சதைக்குள் வாழும் நுண்பாசிகள் மட்டும் போய்விட, கண்ணாடிபோலத் தெரியும் சதை வழியே எலும்பின் வெண்மை தெரியும். இங்கே சதையே இல்லை. பழுப்புக் கூழ் படியும் நோய் என்றால் நாற்றம் அடிக்கும், ஓரிரு நாளில் ஒரு தலையையே தின்றுவிடும். அப்படிப்பட்டதை உடனே பிரித்து எடுக்க வேண்டும். அதுவும் இல்லை. ஒரு பக்கம் மட்டும்தான் கேடு. அப்படியென்றால் அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பம்பின் நீரோட்டம் அங்கே நேராக அடிக்கவில்லை. கடிக்கிற மீனும் இல்லை. ஒரு சாண்கூடத் தள்ளி இல்லாமல் கேலக்சியா என்ற பவளம் இருந்தது. பகலில் பார்த்தால் பச்சை நட்சத்திரங்களைக் கொட்டி வைத்ததுபோல அவ்வளவு சாதுவாக இருக்கும்.

அப்போது மகளுக்கு ஏழு மாதம். பால் கொடுக்க இரவில் இரண்டு முறையாவது எழுவேன். ஒருநாள் இரண்டு மணிக்கு அவளைத் தோளில் போட்டுக்கொண்டு, கைபேசி விளக்கின் மேல் சிவப்புக் கண்ணாடித்தாளை ஒட்டித் தொட்டிக்குள் பார்த்தேன். சிவப்பு ஒளியைப் பவளங்கள் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. வெள்ளை ஒளி பட்டால் உள்ளே இழுத்துக்கொள்ளும். கேலக்சியாவிலிருந்து நூல்நூலாக, அதன் உடலைவிட நீளமான கொம்புகள் வெளியே வந்திருந்தன. நீரோட்டத்தில் மிதந்துபோய் ஹாம்மரின் அதே பக்கத்தைத் தடவிக்கொண்டிருந்தன. தனக்கு இடம் பிடிக்க, பக்கத்தில் இருப்பதைக் கொட்டிக் கொல்லும் கொம்புகள் அவை. கேலக்சியாவின் கொம்புகள் ஒரு சாணுக்கும் மேல் நீளக்கூடியவை.

காலையில், “லைட் வேணாம், கேலக்சியாவ நகத்தினா போதும்” என்றேன். நீரோட்டம் போய் முடியும் மூலைக்கு அதை நானே மாற்றினேன். இரண்டு வாரத்தில் சதை பின்வாங்குவது நின்றது. அடுத்த மாதம் நண்பர்கள் வந்தபோது இணையர் கதையைச் சொன்னார். நன்றாகவே சொன்னார். “கேலக்சியாதான் கொட்டியிருக்கு. கண்டுபிடிச்சு நகத்திட்டோம்.” தன்மைப் பன்மை வினைமுற்று எவ்வளவு வசதியானது என்று அன்று கவனித்தேன்.

இந்தப் பன்மைக்குள்கூட இடம் கிடைக்காத ஒருத்தி உண்டு. 1846-இல் ஆனா தின் என்ற பெண் டார்க்கி கடற்கரையிலிருந்து கல்பவளங்களைக் கல்ஜாடியில் வைத்து லண்டனுக்குக் கொண்டுவந்தார். ஊசிநூலால் அவற்றை ஒரு கடற்பஞ்சில் தைத்து நிறுத்தி, கண்ணாடிக் கிண்ணங்களில் வளர்த்தார். லண்டனில் கடல்நீர் எளிதில் கிடைக்காது. இருப்பதையே காற்றோட்டம் கொடுத்துக் காப்பாற்ற வேண்டும். திறந்த ஜன்னலருகே நின்று தினமும் அரை மணி, முக்கால் மணி நேரம் தண்ணீரைப் பாத்திரத்துக்குப் பாத்திரம் மாற்றி மாற்றி ஊற்றினார்கள். பிறகுதான் கடற்பாசியைச் சேர்த்து அந்த வேலையைச் செடியிடம் விட்டார். 1854-இல் ‘அக்வேரியம்’ என்ற சொல்லைத் தன் நூல் தலைப்பாக வைத்துப் பரப்பியவர் பிலிப் ஹென்றி காஸ். தொட்டியின் வரலாறு என்றால் பலரும் அவரிடமிருந்துதான் தொடங்குவார்கள். ஆனா தின்னின் குறிப்புகள் அச்சானது 1859-இல்.

பெண்ணின் பங்கை மறந்துவிட்டார்கள் என்று இதைச் சொல்லி முடிப்பது வழக்கம். ஆனால் அந்தத் தண்ணீரை ஊற்றியது ஆனா தின் அல்ல, அவர் வீட்டு வேலைக்காரச் சிறுமி. களைப்பான வேலைதான் என்று ஆனாவே ஒப்புக்கொள்கிறார்; அந்தப் பெண் அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டாள் என்றும் எழுதுகிறார். பெயரை மட்டும் எழுதவில்லை. 20 லிட்டர் வாளியைத் தூக்குகிறவள் என்ற முறையில் எனக்கு அந்த ‘விளையாட்டு’ மேல் நம்பிக்கை இல்லை. தினமும் முக்கால் மணி நேரம் அந்தத் தண்ணீரோடு நின்றவள், எந்தப் பவளம் இன்று விரியவில்லை என்பதை எசமானிக்கு முன்பே பார்த்திருப்பாள்.

இந்த வருடம் வேலையைப் பிரித்துக்கொண்டோம். சனிக்கிழமை ஸ்கிம்மரும் அளவெடுப்பும் அவருக்கு. முதல் சனிக்கிழமை குளியலறைக்குள்ளிருந்து குரல் வந்தது: “இது எப்பவுமே இப்படித்தான் நாறுமா?” நோட்டில் அன்றைய பதிவு அவர் கையெழுத்தில் இருக்கிறது. 8.3, 1.025, 26 டிகிரி. ஹாம்மர் பற்றி எதுவும் எழுதவில்லை. கீழே நான் சேர்த்தேன்: இரண்டாவது தலையில் வாய் இரண்டாகப் பிரிகிறது.