நான் அழித்த வரி

நான் கல்வி ஆய்வாளன். உள்ளடக்கிய கல்வியில் ஆசிரியர்களின் ஈடுபாட்டை அளந்து, தமிழ்நாட்டையும் ஃபின்லாந்தையும் ஒப்பிட்டு ஓர் அறிக்கை எழுதினேன். நம் ஆசிரியர்களே முன்னணியில் இருப்பதாக அதில் சொன்னேன். அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. எழுதும்போதே அது எனக்குத் தெரியும்.

நான் எடுத்துக்கொண்ட வினாப்படிவம் உமேஷ் சர்மா, டிம் லோர்மன், கிறிஸ் ஃபோர்லின் ஆகியோர் 2012-இல் வெளியிட்டது. 18 கூற்றுகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 6 வரை மதிப்பெண். எல்லாக் குழந்தைகளையும் சேர்த்து வகுப்பு நடத்த என்னால் முடியும் என்ற தன்னம்பிக்கையை அது அளக்கிறது. ஈடுபாடு வேறு. தலைப்பு எடுப்பாக இருக்க வேண்டும் என்று ஈடுபாடு என்றே போட்டேன். அது முதல் பொய்.

அடுத்தது பெரியது. இரு நாட்டுச் சராசரிகளை ஒப்பிடுமுன் மூன்று சோதனைகள் உண்டு. கூற்றுகள் இரு இடத்திலும் ஒரே விதமாகத் தொகுதி சேர்கின்றனவா? ஒவ்வொரு கூற்றுக்கும் ஒரே எடை இருக்கிறதா? ஒரே அளவு நம்பிக்கை உள்ள இருவர், எந்த நாட்டவரானாலும், ஒரே மதிப்பெண் இடுவார்களா? முதல் இரண்டும் தேறின. மூன்றாவது தேறவில்லை. அது தேறாவிட்டால் சராசரிகளை அருகருகே வைக்கவே கூடாது.

காரணமும் எனக்குப் புரிந்தது. ஃபின்லாந்தில் 2011-இல் நடைமுறைக்கு வந்து 2025 வரை இருந்த மூன்றடுக்கு ஆதரவு முறையில் சிறப்புக் கல்வி ஆசிரியருக்கு முக்கிய இடம் இருந்தது. அவரோடு சேர்ந்து வேலை செய்து பழகியவருக்குத் தனக்கு எது வராது என்பது தெரியும். யோசித்து 4 இடுவார். நம் பள்ளிகளுக்குச் சிறப்புப் பயிற்றுநர் வட்டார வள மையத்திலிருந்து வந்து போகிறார். என் தாள்களோ தலைமை ஆசிரியர் கையால் போய், அவர் கையாலேயே திரும்பின. குறைத்துப் போட்டால் கெட்ட பெயர் வரும் என்று அஞ்சியவர்கள் 6 போட்டார்கள். அப்படி ஏற்பாடு செய்தவன் நான். வேலை சீக்கிரம் முடிந்தால் போதும் என்ற அலட்சியம்.

மூன்றாவது சோதனையின் முடிவு அட்டவணையில் ஒரு வரி. அதை நீக்கினேன். கை தவறவில்லை. தேர்ந்தெடுத்தேன், அழித்தேன், சேமித்தேன். ஆய்வுக்குப் பணம் தந்தவர்கள் முன் வெறுங்கையோடு நிற்கப் பயம். ஃபின்லாந்தை முந்திவிட்டோம் என்று மேடையில் சொல்ல ஆசை. சொன்னேன். கைதட்டினார்கள்.

அந்த அறிக்கையைக் காட்டி, திட்டமிட்டிருந்த ஆசிரியர் பயிற்சியை அரசு அதிகாரிகள் கைவிட்டார்கள். பயிற்சி தருவது அரசின் கடமை என்கிறது 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். அந்தக் கடமையைத் தட்டிக்கழிக்க என் காகிதம் உதவியது.

பிறகு ஒரு பள்ளிக்குப் போனேன். செவித்திறன் குறைந்த சிறுமி கடைசி வரிசையில் இருந்தாள். ஆசிரியை கரும்பலகையைப் பார்த்தபடியே பாடம் சொன்னார். அந்தக் குழந்தைக்கு முகம் காட்டிப் பேச வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. “பயிற்சி வரும்னு காத்திருந்தோம் சார், வரவே இல்ல” என்றார். யாரால் வரவில்லை என்று அவரிடம் சொல்லாமல் திரும்பினேன். அது மூன்றாவது குற்றம்.

அறிக்கையைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். நின்றுபோன பயிற்சி அதனால் தொடங்கிவிடவில்லை. அந்தச் சிறுமி இழந்த ஆண்டை என்னால் திருப்பித் தர முடியாது. அந்த ஒப்பீடு எங்காவது கண்ணில் பட்டால் நம்பாதீர்கள். உதவி வேண்டாம் என்று எந்த ஆசிரியரும் சொல்லவில்லை. அவர்கள் பெயரில் அதைச் சொன்னவன் நான்.