கால் மா வயலும் ஹெரான் சூத்திரமும்

2020 ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் அணையைத் திறந்தாங்க. எட்டு வருஷம் கழிச்சு வழக்கமான தேதியில தண்ணி. அம்மாப்பேட்டை பக்கம் எங்க ஊர்ல எல்லாரும் குறுவைக்கு இறங்கிட்டோம். அந்தச் சந்தோஷத்துல நான் ஒண்ணைக் கவனிக்கல. எங்க வீட்ல இருந்தது ஒரே ஒரு ஸ்மார்ட் போன். அது என் சட்டைப்பையில இருந்துச்சு.

மகள் அப்போ ஒன்பதாம் வகுப்பு. மார்ச்ல மூடின பள்ளிக்கூடம் திறக்கவே இல்ல. பாடமெல்லாம் வாட்ஸ்அப்ல வரும். 2019ல தொடங்கின கல்வித் தொலைக்காட்சியிலயும் ஓடும். நாத்து, நடவு, உரம்னு போனோட காலையில கிளம்பினா மதியம்தான் வீட்டுக்கு வருவேன். அவ கையில வாங்கிப் பத்து நிமிஷம் பார்க்கிறதுக்குள்ள டிராக்டர்காரர் கூப்பிடுவார். பேசாம எடுத்துட்டு வந்து கொடுத்துடுவா. ஒரு நாளாவது சண்டை போட்டிருக்கலாம். போடல. அதுதான் இன்னமும் உறுத்துது.

குறுவை அறுப்பு முடிஞ்ச ஒரு சாயங்காலம், கணக்குப் புத்தகத்துல இருக்கிற க்யூஆர் கோடை போன்ல காட்டி வீடியோ பார்த்துக்கிட்டிருந்தா. மூணாவது தடவையா அதே வீடியோ.

"புரியலையாம்மா?"

"போடத் தெரியுதுப்பா. எதுக்குன்னுதான் தெரியல. டீச்சரா இருந்தா கேட்டிருப்பேன். இதுகிட்ட என்னத்தக் கேக்குறது?"

ஹெரான் சூத்திரமாம். மூணு பக்கத்தோட நீளம் தெரிஞ்சா முக்கோணத்தோட பரப்பளவு சொல்லலாம். எனக்குச் சூத்திரம் தெரியாது, முக்கோணம் தெரியும். வாய்க்கால் திரும்புற இடத்துல எங்களுக்கு மூணு மூலையா ஒரு வயல் இருக்கு. எங்கப்பா காலத்துலேர்ந்து அதுக்குப் பேரே 'கால் மா'தான். அதை யாரும் அளந்து நான் பார்த்ததில்ல.

மறுநாள் டேப்பை எடுத்துட்டுப் போனோம். 26, 28, 30 மீட்டர். வரப்புல உக்காந்து கணக்குப் போட்டா. மூணையும் கூட்டினா 84, அதுல பாதி 42. 42லேர்ந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழிச்சா 16, 14, 12. இந்த நாலையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தா 336 சதுர மீட்டர்.

நகரத்துல இருக்கிற நண்பர்களுக்காகச் சொல்றேன். எங்க பக்கம் 12 அடிக்கு 12 அடி ஒரு குழி. 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. மூணு மா சேர்ந்தா ஏறக்குறைய ஒரு ஏக்கர். அந்த 336ஐக் குழியாக்கினா 25 வந்துச்சு. கால் மாவேதான்!

"தாத்தா எப்படிப்பா இதைக் கண்டுபிடிச்சாங்க?"

எனக்குப் பதில் தெரியல. வயலைப் போட்டோ எடுத்து, கணக்கையும் சேர்த்து டீச்சருக்கு அனுப்பிட்டு அதே கேள்வியைக் கேட்டா. அன்னைக்கு ராத்திரி டீச்சரே கூப்பிட்டாங்க. அரை மணி நேரம் ரெண்டு பேரும் பேசினாங்க. அத்தனை மாசத்துல அந்தப் போன்ல நடந்த முதல் வகுப்பு அதுதான்னு எனக்குத் தோணுச்சு.

வீடியோவை நான் குறை சொல்லல. புரியலேன்னா மூணு தடவை திருப்பிப் பார்க்கிற வசதி எங்க காலத்துல இல்ல. ஆனா அவ எங்க தடுமாறுறான்னு அதுக்குத் தெரியாது. அதைப் பார்க்க ஒரு ஆள் வேணும்.

குறுவை நெல் போட்ட காசுல முதல்ல அவளுக்கு ஒரு போன் வாங்கினேன். 2021 பிப்ரவரி 8ஆம் தேதி ஒன்பதாம் வகுப்புக்குப் பள்ளிக்கூடம் திறந்தாங்க. அன்னைக்குப் போனை வீட்லயே வச்சுட்டு, டேப்பைப் பையில போட்டுக்கிட்டுப் போனா. டீச்சர் கொண்டுவரச் சொன்னாங்களாம்.