வெள்ளிப் பூணும் இரும்புக் குழலும்

பெங்களூரில் கிருஷ்ணராஜ மார்க்கெட்டை ஒட்டிய நெரிசலுக்குள் தாரமண்டலப்பேட்டை என்றொரு பகுதி இருக்கிறது. திப்பு சுல்தானின் படைக்கு ஏவுவாணங்கள் செய்யப்பட்ட இடம் அது என்பது நகரில் நெடுங்காலமாக வழங்கிவரும் செய்தி. இரவு வானில் பாய்ந்த வாணங்களை விண்மீன் கூட்டமாகக் கண்டவர்கள் இட்ட பெயராக இருக்கலாம். 1791இல் கட்டி முடிக்கப்பட்ட கோடை அரண்மனை அங்கிருந்து நடந்து செல்லும் தொலைவில்தான் உள்ளது. அரண்மனையின் தேக்குத் தூண்களைப் பார்க்க நாள்தோறும் கூட்டம் வருகிறது. பேட்டையைத் தேடிச் செல்பவர் அரிது.

இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே ஒரு விலைக்கணக்கு புதைந்து கிடக்கிறது. 2015 ஏப்ரலில் லண்டனில் போனாம்ஸ் நிறுவனம் திப்புவின் படைக்கலங்கள் முப்பதை ஏலம் விட்டது. மொத்தம் 60 லட்சம் பவுண்டுக்கு மேல் திரண்டது. அவற்றுள் வெள்ளிப் பூணிட்ட வேட்டைத் துப்பாக்கி ஒன்று மட்டும் 7,22,500 பவுண்டுக்குப் போயிற்று. அலங்காரத் துப்பாக்கி ஒன்று இத்தனை விலைக்கும் இத்தனை புகழுக்கும் தகுதியுடையதா என்று கேட்டால், சேகரிப்போர் தயங்காமல் மூன்று காரணங்கள் சொல்வார்கள்: வேலைப்பாடு, அருமை, உடையவரின் பெயர்.

வேலைப்பாட்டைக் குறைத்துச் சொல்ல எவராலும் இயலாது. சீரங்கப்பட்டணத்து அரசப் பட்டறைகளில் உருவான துப்பாக்கிகளைப் பார்த்தவுடன் அடையாளம் காணலாம். குழலில் புலிவரி ஓடும். கட்டையில் வெள்ளித் தகடு பதிந்திருக்கும். திப்பு தாமே புகுத்திய மவ்லூதி ஆண்டுக்கணக்கில் செய்த ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கும். சக்கிமுக்கிக்கல்லைக் கவ்விப் பிடித்து, விசையை அழுத்தியதும் பாய்ந்து அறையும் உறுப்பைத் தமிழில் 'குதிரை' என்பர். திப்புவின் துப்பாக்கிகள் சிலவற்றில் அந்தக் குதிரை புலி வடிவில் செதுக்கப்பட்டிருக்கிறது. புலியையே குதிரையாக்கிய கம்மியனின் குறும்பு தமிழ் அறிந்தவருக்கு மட்டுமே புலப்படும். அவனுக்கே அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

ஆயினும் அந்த அலங்காரம் விற்பனைக்காகச் செய்யப்பட்டதன்று. அதே புலிவரி சாதாரணச் சிப்பாயின் சீருடையிலும் இருந்தது, அரியணையிலும் இருந்தது. அது ஓர் அரசின் முத்திரை. இன்று துப்பாக்கி நிறுவனங்கள் வெளியிடும் 'சிறப்புப் பதிப்பு'க் கைத்துப்பாக்கிகளில் பொன்முலாமும் கொடிவேலையும் எண்ணிட்ட சான்றிதழும் இருக்கும். குழலும் விசையும் சாதாரணப் பதிப்பில் உள்ளவையே. வாங்குபவர் பெரும்பாலும் அதை ஒருமுறைகூடச் சுடுவதில்லை, சுட்டால் விலை இறங்கிவிடும் என்பதால். பயன்படுத்தினால் மதிப்பிழக்கும் கருவியை ஆயுதம் என்று அழைக்கலாமா என்ற ஐயம் நியாயமானதே. சீரங்கப்பட்டணத்துப் பட்டறையில் அப்படியொரு பிரிவினை இருக்கவில்லை. அழகான துப்பாக்கியும் சுடுவதற்கே செய்யப்பட்டது.

இரண்டாவது காரணமான அருமை எப்படி வந்தது என்பதைச் சேகரிப்போர் விரிவாகப் பேசுவதில்லை. 1799 மே 4ஆம் நாள் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது, திப்பு கொல்லப்பட்டார். அன்றிரவு நகரம் சூறையாடப்பட்டது. பின்னர் கொள்ளைப் பொருளைப் பங்கிடுவதற்கென நியமிக்கப்பட்டவர்கள் அரியணையைக்கூட உடைத்துத் துண்டு துண்டாகப் பிரித்தார்கள். பொற்புலித் தலைகள் வெவ்வேறு வீடுகளுக்குச் சென்றன. இருநூறு ஆண்டுகள் கழித்து ஒவ்வொரு துண்டும் 'அரிய பொருள்' ஆயிற்று. 2019இல் இங்கிலாந்தின் பெர்க்‌ஷயரில் ஒரு குடும்பத்தின் பரணிலிருந்து வெள்ளிப் பூணிட்ட துப்பாக்கி ஒன்று வெளிப்பட்டது. அதில் குண்டு தாக்கிய தழும்பு இருப்பதாகவும், அது திப்புவின் இறுதிப் போரில் விழுந்ததாக இருக்கலாம் என்றும் ஏலம் விட்டவர் கூறினார். அது 60,000 பவுண்டுக்கு விற்றது. இரண்டும் வேறு வேறு ஏலங்கள், வேறு வேறு துப்பாக்கிகள். விலைகளை நேருக்கு நேர் நிறுத்துவது முறையாகாது. என்றாலும், போர்க்களத் தழும்போடு வந்தது அறுபதாயிரம், வேட்டைக்கென்று செய்யப்பட்டது ஏழு லட்சம் என்னும்போது மனம் சற்றே உறுத்துகிறது.

மூன்றாவது காரணமான பெயர்தான் விலையின் பெரும்பகுதி. அந்தப் பெயர் எங்கே ஈட்டப்பட்டது? 1780 செப்டம்பர் 10ஆம் நாள் காஞ்சிபுரத்திற்கு அருகே புள்ளலூரில் கர்னல் வில்லியம் பெய்லியின் கும்பினிப் படை நொறுங்கியது. வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன, பெய்லி சிறைப்பட்டார். மைசூர்ப் படையின் ஏவுவாணங்கள் ஆங்கிலேயர் மனத்தில் அச்சமாய்ப் பதிந்தது இத்தகைய களங்களில்தான். அவை மூங்கில் கழியிலோ வாளிலோ கட்டப்பட்ட வெறும் இரும்புக் குழல்கள். வெள்ளி இல்லை, புலித்தலை இல்லை. காகித உறைக்கு மாற்றாக இரும்பு உறை இட்டதால் மருந்தின் அழுத்தம் தாங்கி வெகுதொலைவு பாய்ந்தன என்பதே அவற்றின் நுட்பம். கைப்பற்றப்பட்ட குழல்கள் இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டன. அவற்றை முன்மாதிரியாகக் கொண்டு வில்லியம் காங்கிரீவ் தம் வாணங்களை உருவாக்கினார். பின்னர் அவை நெப்போலியனுக்கு எதிரான போர்களிலும் பாய்ந்தன.

2018இல் சிவமொக்கா மாவட்டம் நகரா என்னும் ஊரில் பாழ்கிணறு ஒன்றைத் தோண்டியபோது இத்தகைய இரும்புக் குழல்கள் ஆயிரத்திற்கும் மேல் கிடைத்தன. துருவேறியிருந்தன, உள்ளே மருந்து இன்னும் இருந்தது. ஏலக்காரர் எவரும் வரவில்லை. சிவமொக்காவின் அரசு அருங்காட்சியகம் அவற்றை ஏற்றுக்கொண்டது. புகழை ஈட்டியது இந்த இரும்பு. அந்தப் புகழுக்கான விலையைப் பெற்றுக்கொண்டது வெள்ளி. வேட்டைத் துப்பாக்கியின் வேலைப்பாட்டிற்கு ஒரு நியாயமான விலை உண்டு. அதற்கு மேல் கொடுக்கப்பட்ட ஒவ்வொரு பவுண்டும் புள்ளலூரின் கணக்கில் எழுதப்பட வேண்டியது.

பெயருக்குக் கொடுத்த விலை நிலைப்பதுமில்லை. பெங்களூரின் மதுபானத் தொழிலதிபர் விஜய் மல்லையா 2003இல் லண்டன் ஏலத்தில் திப்புவின் வாளொன்றை வாங்கினார். நாடு திரும்பிய வீரச்சின்னம் என்று அப்போது கொண்டாடப்பட்டது. குடும்பத்திற்கு ராசியில்லை என்று 2016இல் அதைக் கொடுத்துவிட்டதாக 2018இல் லண்டன் நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. போனாம்ஸ் ஏலம் நடந்த அதே 2015ஆம் ஆண்டின் நவம்பரில், கர்நாடக அரசு திப்பு ஜெயந்தி கொண்டாடியபோது மடிகேரியில் கலவரம் மூண்டு உயிர்கள் போயின. குடகர்களின் நினைவில் அந்தப் பெயர் சிறைபிடிப்பின் பெயர். லண்டனில் விலையை ஏற்றும் அதே சொல் மடிகேரியில் ஊர்வலத்தைத் தடுத்து நிறுத்துகிறது.

இந்திய அரசின் தொழிற்சாலையும் ஒருமுறை இந்த வழியில் சென்று பார்த்தது. 2014இல் கான்பூரில் 'நிர்பீக்' என்ற ரிவால்வர் வெளியிடப்பட்டது. பெண்களுக்கென்று 500 கிராம் எடையில் டைட்டானியக் கலப்பு உலோகத்தால் செய்யப்பட்ட அதன் விலை 1,22,360 ரூபாய். நகைப்பெட்டி போன்ற பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். தில்லியில் கொல்லப்பட்ட இளம்பெண்ணுக்கு ஊடகங்கள் இட்ட பெயரை நினைவூட்டும் பெயர் அது. பேருந்தில் பயணம் செய்யும் பெண் ஒருத்தியின் ஓராண்டுச் சம்பளத்திற்கும் மேற்பட்ட விலையில் பாதுகாப்பை விற்கலாம் என்று எவருக்கோ தோன்றியிருக்கிறது. இங்கே பெட்டிக்கும் பெயருக்கும் கொடுக்கப்படும் பணத்தை எந்தக் கம்மியனின் கைத்திறனாலும் நியாயப்படுத்த முடியாது.

குடகர்களுக்கு 1861 முதல் துப்பாக்கி உரிமத்திலிருந்து விலக்கு உண்டு. ஆண் குழந்தை பிறந்தால் வானை நோக்கி ஒரு வெடி, இறப்புக்கு இரண்டு வெடி என்பது அவர்கள் மரபு. நாற்று நடவு முடிந்தபின் வரும் கைல்போதுத் திருநாளில் வீட்டுத் துப்பாக்கிகளைத் துடைத்து, பூசையில் வைத்து, அவற்றுக்குத் 'தோக்பூ' சூட்டுவார்கள். தோக்கு என்றால் துப்பாக்கி. அந்தப் பூ வேறொன்றுமில்லை, தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள்தான். வேலியோரம் தானே படர்ந்து பூப்பது. காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. பூசை முடிந்ததும் விருந்து, பிறகு தேங்காயைக் குறிவைத்துச் சுடும் போட்டி. சுடுவதற்கு முன் பூவை எடுத்து விடுகிறார்கள்.