பதினைந்து பாறைகள்

போத்தனூர்ச் சந்திப்பில் இருப்புப்பாதையின் அடியில் சரளைக் கற்கள் நெடுகப் பரந்து கிடக்கின்றன. அவற்றை நின்று காண்பவர் எவரும் இலர். ஜப்பானில் கியோட்டோ நகரத்து ரியோஆன்ஜி என்னும் பௌத்தக் கோயிலிலோ, சரளை பரப்பிய ஒரு முற்றத்தைக் காண மக்கள் நெடுந்தொலைவிலிருந்து வருகின்றனர். காலணிகளைக் களைந்து, வாய் பேசாது அமர்கின்றனர். அம்முற்றத்திற்குத் தோட்டம் என்று பெயர்!

பூச்செடி அங்கே இல்லை, நீரோடையும் இல்லை. ஏறத்தாழ 25 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உள்ள வெண்சரளைப் பரப்பில் 15 பாறைகள். அவற்றின் அடியில் சிறிது பாசி. அவ்வளவே. திண்ணையில் எங்கே அமர்ந்து நோக்கினும் ஒரு பாறையேனும் மறைந்து நிற்கும். இடம் மாறி அமர்ந்தால் மறைந்தது தோன்றும், தோன்றியது மறையும். கடலும் தீவுகளும் என்பர் சிலர். குட்டிகளோடு ஆற்றைக் கடக்கும் புலி என்பர் வேறு சிலர். தோட்டம் எதையும் மறுப்பதில்லை.

துறவியர் வாரியால் சரளையில் வரி இழுக்கின்றனர். இலை உதிரும், மழை பெய்யும், வரி அழியும், மீண்டும் இழுப்பர். அப்பணியும் தியானமே. தியானம் என்னும் சொல்லே சீனத்தில் ‘சான்’ என்றும், ஜப்பானில் ‘ஜென்’ என்றும் திரிந்தது. எங்கள் கொங்கு நாட்டு வாசல்களிலும் விடியற்காலையில் சீமாற்றின் வரிகள் இவ்வாறே படிந்திருக்கும். அவற்றின்மேல் இட்ட கோலம் நண்பகலுக்குள் கலைந்துவிடும். அதற்காக எவரும் வருந்தக் கண்டதில்லை.

இத்தோட்டம் கல்லால் செய்ததை ஹைக்கூ சொல்லால் செய்கிறது. அதற்கு உரியவை 17 அசைகளே. ஜென் நெறி பயின்ற பாஷோ (1644–1694), பழைய குளத்தில் தவளை குதித்த ஓசையை 1686இல் பாடினார். அவ்வோசை இனிதா, இன்னாததா என்று அவர் கூறவில்லை. தம் இன்பதுன்பங்களைப் பாட்டினுள் புகவிடவில்லை. ‘நான்’ விலகிய இடத்தில் நீரின் ஒலி மட்டும் கேட்கிறது. ‘நான்’ என நிலைத்த பொருள் ஒன்றில்லை என்பது புத்தர் கண்ட உண்மையன்றோ?

இக்கவிதை வகையைத் தமிழர்க்கு அறிமுகம் செய்தவர் பாரதியார். புதுவையில் வாழ்ந்த நாளில், 1916இல், ‘சுதேசமித்திரன்’ இதழில் ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதினார். இன்று தமிழில் ஹைக்கூ மிகப் பெருகிவிட்டது. ஆயினும் மூன்றாக முறித்த வரியெல்லாம் ஹைக்கூ ஆகாது என்பது என் எண்ணம். பலவற்றில் கவிஞரே முன்வந்து உரத்துப் பேசுகிறார்.

வேப்பம்பூ உதிர்ந்த வாசலைப் பற்றி நானும் மூன்றடி எழுதிப் பார்த்தேன். ‘என்’ என்னும் ஒரு சொல்லை அதிலிருந்து நீக்குவதற்கே ஒரு மாலைப்பொழுது சென்றது.