ஊட்டிக் குளிரில் ஒரு பாக்கெட் ஜினியா

மே மாதம் ஊட்டிக்குப் போகிற யாரும் தாவரவியல் பூங்காவைப் பார்க்காமல் திரும்புவதில்லை. கண்ணாடி மாளிகை முன்னால் நின்று ஒரு போட்டோ, இத்தாலியன் கார்டனில் ஒரு போட்டோ, வாசலில் ஒரு பொட்டலம் வேகவைத்த கடலை. அதோடு ஊட்டி முடிந்துவிடும். நானும் பலமுறை அப்படித்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் சென்ற வருஷம் மலர்க் கண்காட்சிக்குப் போனபோது ரோஜாவையும் டேலியாவையும் தாண்டிக்கொண்டு நேராக ஜினியாத் தொட்டிகளிடம் போய் நின்றேன். "அந்தப் பூவுக்கா திருச்சியிலிருந்து வந்தே?" என்று கூட வந்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அதற்குக் காரணம் இருந்தது.

என் தங்கை ஊட்டியில்தான் இருக்கிறாள். கணவருக்கு அங்கே வேலை. எனக்கும் அவளுக்கும் பத்து வயசு வித்தியாசம். கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து, டிசம்பரில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அம்மா இருந்த வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. பொங்கலுக்கு அம்மா ஊர் திரும்பியதும் போனில் அவள் குரலே மாறிப் போய்விட்டது. "என்னமோ போக்கா, எதுவுமே பிடிக்கலை. குழந்தை அழுதா நானும் அழறேன்" என்றாள். பிள்ளை பெற்றவளுக்கு முதல் பத்து நாள் மனசு அலைபாய்வது சகஜம்தான். இரண்டு வாரத்தைத் தாண்டியும் தொடர்ந்தால் அதைச் சும்மா விடக்கூடாது சகோதரிகளே, டாக்டரிடம் காட்டியே ஆகவேண்டும். அவள் கணவர் கூட்டிக்கொண்டு போனார். டாக்டரம்மா மருந்து கொடுத்தார், வாராவாரம் வரச் சொல்லிப் பேசினார். கூடவே, "தினம் காலையில் அரை மணி நேரமாவது வெயிலில் நில்லும்மா" என்றார்.

ஊட்டியில் பிப்ரவரியில் சும்மா வெயிலில் நில் என்றால் யார் நிற்பார்கள்? அதற்காகத்தான் ஜினியா விதை வாங்கினேன். ஒரே பாக்கெட்டைப் பாதியாகப் பிரித்துத் தபாலில் அனுப்பினேன். பிப்ரவரி 20-ஆம் தேதி இரண்டு பேரும் ஒரே நாளில் விதைப்பது, தினமும் போனில் அளவு சொல்லிக்கொள்வது என்று ஒப்பந்தம்.

ஏன் ஜினியா? மெக்ஸிகோ நாட்டுச் செடி. சாமந்தி, சூரியகாந்தி குடும்பம். விதையாக மண்ணில் விழுந்து, வளர்ந்து, பூத்து, மறுபடி விதையாகிக் காய்ந்துபோவது எல்லாம் ஒரே பருவத்தில் முடிந்துவிடும். காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு ஏற்ற செடி. பேர் வந்த கதையும் சுவையானது. ஜின் என்று ஒரு ஜெர்மன் டாக்டர். 1759-ல் 31 வயதிலேயே இறந்துவிட்டார். தாவரங்களையும் ஆராய்ந்தவர், கண்ணையும் ஆராய்ந்தவர். நம் கண்ணின் லென்ஸைச் சுற்றிலும் இழுத்துப் பிடித்திருக்கிற நூல் போன்ற இழைகளுக்கும் அவர் பெயர்தான். மாமியாரின் கண்புரை ஆபரேஷனுக்கு அலைந்த வீட்டில் இதைக் கேட்டால் ஆச்சரியமாக இராதா?

பாக்கெட்டின் மேல் "உயரம் 90 செ.மீ., 60 நாளில் பூக்கும்" என்று போட்டிருந்தது. திருச்சியில் என் மாடியில் நாலாம் நாளே முளை எட்டிப் பார்த்தது. மூன்றாவது வாரம் ஒரு சாண். அதன் பிறகு வாரத்துக்கு நாலு அங்குலம் என்று ஓட்டமாக ஓடியது. 52-ஆம் நாள் முதல் பூ. அங்கேயோ பதினோராம் நாள்தான் முளை விட்டது. அதுவும் அவள் நாற்றுத் தட்டை ராத்திரி சமையலறை அடுப்பு மேடைப் பக்கம் வைத்து, காலையில் வெளியே எடுத்ததால். ஒரு மாதம் கழித்து, "நாலே இலைக்கா! உன்னோடது?" என்று கேட்டாள். என்னுடையதில் மொட்டு வைக்கப் போகிறது என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. அவள் பதில் பேசவில்லை. ஒரு வாரம் போனே வரவில்லை. தெரியாத்தனமாகச் செடியைப் போட்டியாக்கி அவள் மனசை இன்னும் நோகடித்துவிடுவோமோ என்று எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது.

எட்டாம் நாள் அவளே கூப்பிட்டாள். இஞ்ச் டேப்பை எடுத்துக் குழந்தையையும் அளந்திருக்கிறாள். குழந்தைகள் முதல் ஆறு மாதத்தில் மாதம் ஏறக்குறைய ஒரு அங்குலம்தான் வளர்கின்றன. "செடி இவளை விட வேகம்தான்கா, பரவாயில்லை" என்றாள். பல வாரத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் சிரித்துக் கேட்டேன்.

மே மாதம் லீவு விட்டதும் கிளம்பிவிட்டேன். மேட்டுப்பாளையத்தில் காலை ஏழு மணிக்கு மேல் மலை ரயில். பலருக்கு இது யானையும் அருவியும் பார்க்கிற ரயில். எனக்கு அன்றைக்கு அது தெர்மாமீட்டர் மாதிரி இருந்தது. கல்லாறு வரைக்கும் வேர்வை. அங்கே பல்சக்கரம் மாட்டி ஏறத் தொடங்கியதும் காற்று மாறுகிறது. குன்னூரில் ஷால். ஊட்டியில் ஸ்வெட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறு டிகிரி குறையும் என்பார்கள். ஊட்டி 2,200 மீட்டருக்கும் மேலே. ஜினியா விதைக்கு முளைக்க 21 முதல் 27 டிகிரி வரை மண்சூடு வேண்டும். இந்தக் கணக்கு ஒன்றே போதும், தங்கையின் செடி ஏன் தவழ்கிறது, என் செடி ஏன் ஓடுகிறது என்று புரிந்துகொள்ள. பாக்கெட்டில் அச்சடித்த உயரமும் நாளும் ஏதோ ஒரு ஊரின் வெயிலுக்கு எழுதினது; நம் ஊருக்கு நாமேதான் குறித்துக்கொள்ள வேண்டும்.

பூங்காவில் ஜினியாத் தொட்டிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த பெரியவரிடம் விசாரித்தேன். "கண்காட்சிக்குன்னு நாங்க முன்கூட்டியே விதைச்சிடுவோம்மா. பனிக் காலத்துல வெளியே வெச்சா கருகிடும்" என்றார். டிசம்பர், ஜனவரி உறைபனியில் ஜினியா ஒரு ராத்திரி தாங்காது. தரையில் நிற்கிற மற்ற செடிகளுக்கே மிலாறு போட்டு மூடி, விடிகாலையில் தண்ணீர் தெளித்துப் பனியைக் கழுவுகிறார்கள். செடி ஒரு சாண் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட வேண்டுமாம். பூ ஒரு வாரம், பத்து நாள் தள்ளிப்போகும். ஆனால் ஒற்றைக் கம்பாக நிற்காமல் நாலைந்து கிளை விட்டு அத்தனையிலும் பூக்கும்.

அங்கே முழங்கால் உயரம் கூட இல்லாத குட்டை ரகமும் இருந்தது, இடுப்பளவு ரகமும் இருந்தது. அடுக்ககத்தில் இருக்கிறவர்கள் 30 செ.மீ. போகிற குட்டை ரகத்தை வாங்குங்கள். நெட்டை ரகத்தைச் சின்னத் தொட்டியில் போட்டால் வேர் சுருண்டு, செடி குன்றி, அவசர அவசரமாக ஒரு பூவோடு முடித்துக்கொள்ளும். செடிக்குச் செடி ஒரு அடி இடைவெளி வேண்டும். நெருக்கி வைத்தால் காற்றில்லாமல் இலையில் மாவு தூவினாற்போல் சாம்பல் நோய் வந்துவிடும். தண்ணீர் வேரில் மட்டும், அதுவும் காலையில். விண்வெளி நிலையத்தில் 2015 முடிவில் வளர்த்த ஜினியாவுக்கே ஈரம் அதிகமாகிப் பூஞ்சணம் வந்ததாம். ஸ்காட் கெல்லி என்ற விண்வெளி வீரர் பக்குவம் பார்த்துக் காப்பாற்றி, 2016 ஜனவரியில் பூக்க வைத்தார். ஊட்டி மூடுபனியில் என் தங்கைக்கும் அதே பாடுதான். இரண்டு செடி போய்விட்டது. ஏழு நின்றது.

நான் போய்ச் சேர்ந்த அன்று அவள் செடிகளில் மொட்டு பட்டாணி அளவு இருந்தது. தினமும் காலையில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தத் தொட்டிகளைச் சுற்றி வருவாள். யாரும் சொல்ல வேண்டியதில்லை. அரை மணி நேரம் தாராளமாக ஆகிவிடும். பூச்செடிதான் அவளைக் குணமாக்கியது என்று நான் சொல்ல வரவில்லை. மருந்தும் டாக்டரம்மாவும் செய்த வேலை அது. மருந்தை அப்போதும் நிறுத்தவில்லை.

மே 19, காலை. 88-ஆம் நாள். கருஞ்சிவப்பில் ஒன்று விரிந்திருந்தது. செடி இரண்டடிதான். என் வீட்டுச் செடி இரண்டரை அடி. ஆனால் பூவை அளந்தால் நாலு அங்குலம்! கோடை வெயிலில் பூத்த என் பூக்கள் மூன்றைத் தாண்டவில்லை, விளிம்பும் சீக்கிரம் வெளுத்துவிட்டது. அவளுடையது நான் கிளம்புகிற வரைக்கும் நிறம் மாறாமல் நின்றது. ஜாடியில் வைக்கலாமே என்று கத்திரிக்கோலை எடுத்தேன். "இருக்கா" என்று தடுத்து, பூவுக்கு ஒரு சாண் கீழே தண்டைப் பிடித்து ஆட்டிக் காட்டினாள். கழுத்து தொய்ந்தது. விறைப்பாக நின்றால்தான் பறிக்க வேண்டுமாம். அவளுக்கு எங்கிருந்து தெரிந்ததோ, எனக்குத் தெரியாது.

திருச்சி திரும்பியபோது என் செடிகள் காய்ந்து பழுப்பாகி இருந்தன. தலைகளை உதிர்த்து, அம்பு முனை மாதிரி இருக்கிற விதைகளைப் பொறுக்கி நிழலில் உலர்த்திக் காகித உறையில் போட்டு வைத்தேன். கலப்பின ரகமாக இருந்தால் அடுத்த முறை அதே நிறம், அதே அளவு வராது. நாட்டு ரகத்தில் பெரும்பாலும் வந்துவிடும். ஜூனில் ஒரு பிடி மறுபடி தங்கைக்கு அனுப்பினேன். செப்டம்பர், அக்டோபரில் ஊட்டிக்கு இரண்டாவது சீசன். இந்தத் தடவை குழந்தை தவழ்ந்து போய் மண்ணை வாயில் போடுகிறாளாம். தொட்டிகளை எல்லாம் ஜன்னல் மேடைக்கு ஏற்றிவிட்டதாகப் போன் செய்தாள்.